சரிபார்த்தது வீ.ம.

எண் 1
நாகல்நகர், திண்டுக்கல்
ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

சூசைராஜ் எழுதுவது. இங்கே நான் சுகம். வலது முழங்கால் மட்டும் மாடிப்படியில் என்னோடு ஒத்துழைப்பதில்லை. அங்கே உங்கள் உடம்பும் தங்கை அமலராணியின் உடம்பும் கொய்யாத் தோப்பும் எப்படி? போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் உங்கள் காது மெஷின் போனைக் கண்டால் விசில் அடிக்கிறது. ஐம்பது வருடம் குழாய் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று உங்கள் கட்சிக்காகப் பேசியவருக்கு இந்த அளவாவது காது மிஞ்சியதே பெரிது. ஆகவே கடிதம்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். எங்கள் செங்கொடிச் சங்கத்தில் ஒரு துண்டறிக்கை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். வேடசந்தூர்ப் பக்கத்து மில் ஒன்றில் முப்பத்தோரு வருடம் டைம் ஆபீஸில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதியவன் என்பதுதான் என் தகுதி. மில்களில் "பயிலுநர்" என்ற பெயரில் பெண்களை வருடக்கணக்காக வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். வேலை நிரந்தரத் தொழிலாளியின் வேலை. பெயர் மட்டும் பயிலுநர். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பேச்சாயி ஆறு வருடமாகப் பயிலுநர். யாரையும் மூன்று மாதத்துக்கு மேல் அப்படி வைக்க விடமாட்டோம் என்று தேர்தலில் வாக்குக் கொடுத்தது உங்கள் கட்சி. ஆட்சிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது.

வரைவு தயார். நான்கு பக்கம், இரண்டு அட்டவணை. சங்கச் செயலாளர் சுருளிவேல் படித்துவிட்டு, "தோழர், கணக்கா எழுதியிருக்கீங்க. ஆனா படிக்கிற எனக்கே கொட்டாவி வருதே, மில் பஸ்ல தூங்கிக்கிட்டு வர்ற பிள்ளைக என்ன செய்யும்?" என்றார். நியாயம்தான். எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் தமிழை நிமிர்த்தி எழுதக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் கட்சியைக் கண்டிக்கும் அறிக்கையை உங்களிடமே திருத்தக் கொடுப்பது முறையா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. முறையல்ல என்றால் இணைப்பைப் படிக்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. அவர் இல்லை என்று சொல்பவர்களையும் அவர் காப்பார் என்பது என் நம்பிக்கை.

அன்பு மச்சான்,
த. சூசைராஜ்

இணைப்பு: 1
தயாரித்தது: சூ.ரா. சரிபார்த்தது: சூ.ரா.


ஆயக்குடி
ஜூன் 11

பேரன்பு கொண்ட மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமே விழைகிறேன். காது கேட்காததால் இரத்த அழுத்தம் குறைந்திருப்பதாக மருத்துவர் சொல்கிறார். உங்கள் முழங்காலுக்கு அமலராணி ஏதோ தைலம் அனுப்புகிறாளாம்.

முதலில் ஒன்று. குடும்பக் கடிதத்துக்குமா "தயாரித்தது, சரிபார்த்தது"? நீங்களே எழுதி, நீங்களே சரிபார்த்து, அதற்கும் கையெழுத்தா? ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம் ஆகியும் டைம் ஆபீஸ் உங்களை விட்டுப் போகவில்லை. அமலராணி சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

இரண்டாவது. வரைவைப் படித்தேன். கருத்தில் நான் கை வைக்க மாட்டேன். அது உங்கள் சங்கத்தின் பாடு. என் கட்சி வாக்கை மறக்கவில்லை. அதற்காகவே ஒரு குழு அமைத்திருக்கிறோம். ஆனால் தமிழ் தவறாக இருந்தால் அது எதிரியின் அறிக்கையானாலும் என் கை சும்மா இருக்காது. "வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்பது ஏழு இடத்தில் வருகிறது. ஏழு முறை கண்டித்தால் எட்டாவது முறை யார் பயப்படுவார்கள்? ஆறை அடித்துவிட்டேன். அட்டவணையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு பெண்ணைப் பற்றி எழுதுங்கள். ஓரத்தில் சிவப்பு டிக் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். படித்து முடித்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக் போடுவது என் பழக்கம். மேடையில் நானே சொல்ல ஆசைப்படும் வரி என்றால் இரண்டு. உங்கள் நான்கு பக்கத்தில் இரண்டு டிக் வாங்கிய வரி ஒன்றுகூட இல்லை. மன்னிக்கவும்.

மூன்றாவது, நல்ல செய்தி. செப்டம்பரில் திண்டுக்கல் மணிக்கூண்டுப் பொதுக்கூட்டத்தில் கட்சியின் மூத்த முன்னோடிகளுக்குக் கேடயம் கொடுக்கிறார்கள். பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. ஐம்பத்தோரு வருடத்தில் ஒரு வட்டப் பிரதிநிதிப் பதவிகூடக் கேட்டவனில்லை நான். அதனாலேயே தரவும் இல்லை. இது தானாக வந்திருக்கிறது. அமலராணி அதை வைக்க அலமாரியில் இடம் ஒதுக்கி, அங்கிருந்த ஊறுகாய் ஜாடிகளை இடம் மாற்றிவிட்டாள்.

மாறா அன்பில்,
வீ.ம.


எண் 2
திண்டுக்கல்
ஜூன் 20

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

தைலம் வந்தது. முழங்கால் இரண்டு படி கூடுதலாக ஏறுகிறது. கேடயச் செய்தி கேட்டு எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுதத் தெரியவில்லை. ஞாயிறு பூசையில் உங்கள் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தினேன். உங்கள் கொள்கைக்கு இடைஞ்சல் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழுவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என்னிடம் தேதிகள் இருக்கின்றன. குழுவுக்குக் கொடுத்த காலம் ஆறு மாதம். அதை மூன்று முறை நீட்டியிருக்கிறார்கள். இதுவரை ஒரு மில்லின் வாசலில்கூட அது கால் வைக்கவில்லை. மில் முதலாளிகளின் சங்கத்தோடு மட்டும் இரண்டு முறை தேநீர் குடித்திருக்கிறது. இதைக் கோபத்தில் எழுதவில்லை. எனக்குக் கோபப்படவும் சரியாகத் தெரியாது.

ஆனால் ஒன்றை எனக்குள் நானே பலமுறை கேட்டுப் பார்த்தேன். எதிர்க்கட்சியின் மேல் எங்களுக்கு வருத்தம் வருவதில்லை, ஏனென்றால் அவர்களிடம் நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. உங்கள் கட்சியோ கூலிக்காரனின் சோற்றுப் பானையைப் பற்றிப் பேசித்தான் வளர்ந்தது. தெரியாதவன் செய்யாவிட்டால் சொல்லிக் கொடுக்கலாம். எல்லாம் தெரிந்தவன் செய்யாவிட்டால் என்ன செய்வது?

எங்கள் பக்கமும் யோக்கியம் இல்லை. கூட்டணியில் இருப்பதால் சுருளிவேல், "கண்டிக்கிறோம்னு வேணாம் தோழர். தோழமையுடன் சுட்டிக்காட்டுகிறோம்னு போடுங்க" என்கிறார். மூன்று வருடமாகச் சுட்டிக்காட்டிச் சுட்டிக்காட்டி எங்கள் விரல்தான் வலிக்கிறது.

இரண்டாம் வரைவு இணைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடி அட்டவணையை நீக்கிவிட்டுப் பேச்சாயியைப் பற்றி எழுதினேன். ஒரு கேள்வி: கேடயம் வரப்போகும் நேரத்தில் நீங்கள் இதில் கை வைப்பது சரியா? வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும், நான் புரிந்துகொள்வேன். அமலராணிக்கு என் ஆசீர்.

அன்பு மச்சான்,
த. சூசைராஜ்

இணைப்பு: 1
தயாரித்தது: சூ.ரா. சரிபார்த்தது: சூ.ரா. (சிரிக்க வேண்டாம்.)


ஆயக்குடி
ஜூலை 1

பேரன்பு கொண்ட மச்சான் அவர்களுக்கு,

நலம். மழை ஏமாற்றிவிட்டது, இந்த முறை கொய்யா எலுமிச்சை அளவுக்குத்தான் பழுத்திருக்கிறது. ருசி மட்டும் குறையவில்லை.

வரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "எல்லாம் தெரிந்தவன் செய்யாவிட்டால் என்ன செய்வது" என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, அதை ஏன் அறிக்கையில் போடவில்லை? நல்ல வரிகளையெல்லாம் கடிதத்தில் செலவழித்துவிட்டு அறிக்கைக்கு உமியை அனுப்புகிறீர்கள். அதை எடுத்து முதல் பத்தியில் வைத்துவிட்டேன். இரண்டு டிக்.

இன்னொரு வரி நானாகச் சேர்த்தது: "டாக்டருக்குப் படிக்கவே ஐந்தரை வருடம்தான். அறுந்த இழையை ஒட்டப் படிக்க ஆறு வருடம் போதவில்லையாம்." இது கருத்தல்ல, உவமை. உவமை இலக்கணத்தில் சேரும். ஆகவே என் எல்லைக்குள்தான் நிற்கிறேன்.

"தோழமையுடன் சுட்டிக்காட்டுகிறோம்" என்பதை அடித்துவிட்டுக் "கேட்கிறோம்" என்று போட்டிருக்கிறேன். தோழனிடம் கேட்கலாம். அதில் தவறில்லை.

அந்தப் பெண் காலையில் எத்தனை மணிக்கு மில் பஸ் ஏறுகிறாள்? இரவு முறை வேலை முடிந்து வரும் நாளில் எப்போது தூங்குகிறாள்? வீட்டில் யார் யார்? வரைவில் இவையெல்லாம் இல்லை. தெரிந்தால் எழுதுங்கள், மொழிக்கு உதவும்.

மாறா அன்பில்,
வீ.ம.


எண் 3
திண்டுக்கல்
ஜூலை 9

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். கேடயத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். மறந்திருக்கலாம். மறக்கவில்லை என்றால் அதுவே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பேச்சாயி அதிகாலை நாலே முக்காலுக்குத் தெருமுனையில் பஸ் ஏறுகிறாள். இரவு முறை என்றால் காலை எட்டரைக்கு வந்து, மாமியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பத்து மணிக்குப் படுக்கிறாள். பக்கத்தில் கட்டடம் கட்டுகிறார்கள். தூக்கம் எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை.

அவளை வீட்டுக்கு வரச்சொல்லி வரைவைப் படித்துக் காட்டினேன். டாக்டர் வரி வந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சார், அப்ப நானும் ஊசி போடலாம்ல? மொத ஊசி சூப்பர்வைசருக்குத்தேன்!" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏஞ் சார், இந்த மூணு மாசக் கதைய நான் நேர்லயே கேட்டிருக்கேனே. எலெக்சன் நேரத்துல வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு பெரியவரு, ஆயக்குடிக்காரராம், மூணு வெரலக் காட்டிச் சொன்னாரு. அம்புட்டு அழகாப் பேசுனாரு சார். பஸ்ஸ விட்டுட்டு நின்னு கேட்டேன்" என்றாள்.

அந்தப் பெரியவர் யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாமல் இருப்பதும் ஒரு பொய்தானே என்று தோன்றியது.

பேகம்பூரில் அச்சகம் வைத்திருக்கும் காதர் பீவி கணினியில் கோத்துக் கொடுத்த அச்சுப்படியை இணைத்திருக்கிறேன். ஒரே பக்கம்தான். கடைசியாக ஒரு முறை பார்த்துக் கொடுத்தால் இரண்டாயிரம் அடித்துவிடலாம். அறிக்கையை வெளியிடுவது சங்கம். என் பெயர் எங்கும் வராது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோழை என்று நினைத்தால் மறுக்கமாட்டேன்.

அன்பு மச்சான்,
த. சூசைராஜ்

இணைப்பு: 1
தயாரித்தது: சூ.ரா. சரிபார்த்தது: சூ.ரா.


ஆயக்குடி
ஜூலை 24

மச்சான் அவர்களுக்கு,

நலம்.

அச்சுப்படியைப் பார்த்துவிட்டேன். தவறு ஒன்றும் இல்லை. அப்படியே அடிக்கலாம்.

பழனி பஸ் கண்டக்டரிடம் ஒரு பை கொய்யா கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாதியை அந்தப் பெண் வீட்டில் கொடுங்கள். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம்.

வீ.ம.


எண் 4
திண்டுக்கல்
ஆகஸ்ட் 6

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் நலம் விசாரிக்கும் தகுதியை இழந்தவனாக எழுதுகிறேன்.

அறிக்கை வெளியாகிவிட்டது. அதன் அடியில், சின்ன எழுத்தில், "தயாரித்தது: சூ.ரா. சரிபார்த்தது: வீ.ம." என்று அச்சாகியிருக்கிறது. ஒரு பிரதி இணைத்திருக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜூலையில் கணினியில் கோக்க அச்சகத்துக்குக் கொடுத்த நல்ல பிரதியை எழுதியபோதே, முப்பத்தோரு வருடக் கைப்பழக்கத்தில் அடியில் அந்த வரியை எழுதிவிட்டிருக்கிறேன். சரிபார்த்தது நீங்கள் என்பதால் உங்கள் எழுத்துகளைப் போட்டிருக்கிறேன். அடிக்கும் நாளில் காதர் பீவி, "ஐயா, கடேசி வரியும் போடணுமா?" என்று கேட்டாள். நான் கண்ணாடி கொண்டுபோகவில்லை. கடைசி வரி "உழைக்கும் பெண்கள் வெல்க" என்பதுதானே என்று நினைத்து, "உள்ளபடி போடும்மா" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு எழுத்துதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நிமிடம் ஆறுதல் கொண்டேன். உங்களை மாப்பிள்ளை என்றே அழைத்துப் பழகியவனுக்கு ஒன்று மறந்துபோயிற்று. ஐம்பது வருடமாக இந்த மாவட்டத்துச் சுவர்களில் "வீ.ம. முழங்குகிறார்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். மதியழகன் என்றால்தான் யாருக்கும் தெரியாது. வீ.ம. என்றால் பால்காரருக்கும் தெரியும்.

மிச்சமிருந்த கட்டை வீட்டுக்குத் தூக்கிவந்து, கறுப்பு மையால் அந்த வரியை ஒவ்வொன்றாக அழித்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது அறிக்கை. மற்ற எண்ணூற்று அறுபதும் அதற்குள் மில் பஸ்களில் ஏறிவிட்டன. அழித்ததிலும் வெளிச்சத்தில் பிடித்தால் வீ.ம. தெரிகிறது.

சுருளிவேல், "கூட்டணிக்கு உள்ளயே வெடி வச்சிட்டீகளே தோழர்!" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தோரு வருடத்துக்குப் பிறகு உங்களுக்கு வரவிருந்த ஒன்றை என் கைப்பழக்கம் கெடுத்துவிட்டது. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

த. சூசைராஜ்


எண் 5
திண்டுக்கல்
ஆகஸ்ட் 17

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

எண் 4 கிடைத்ததா? நலமா என்று மட்டும் தெரிவிக்கவும். உங்கள் கட்சி அலுவலகத்துக்குப் போய், வீ.ம. என்பது நீங்கள் அல்ல என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அந்த எழுத்துகளுக்குப் பொருந்துகிற மாதிரி வீரக்கல் மரியதாஸ் என்று ஒருவரை உண்டாக்கியும் வைத்திருக்கிறேன். ஆனால் அவர் யார், என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு மேலே பொய் வராது. நீங்கள் சரி என்றால் ஒத்திகை பார்க்கிறேன்.

த. சூசைராஜ்


ஆயக்குடி
ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

அமலராணி எழுதிக்கிறது. நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? அந்த மரியதாசை மொதல்ல வீட்டுக்கு அனுப்பு. உனக்குப் பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும். சின்ன வயசுல வெல்லம் திருடித் தின்னுட்டு நீயே போய் அம்மாகிட்டச் சொன்ன ஆளு நீ.

உன் மாப்பிள்ள பதில் எழுதலன்னு கவலப்படாத. ரெண்டு வாரமா யாருகிட்டயும் பேச்சுக் கொறச்சல்தான். நீ அனுப்புன அறிக்கைய மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத் தோப்புக்குப் போறாரு, வாராரு. கோவமான்னு கேட்டேன். "எதுக்குக் கோவம்?"ங்கிறாரு.

போன வாரம் கட்சி ஆளுக மூணு பேரு கார்ல வந்தாக. வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாம உக்காந்துக்கிட்டு, "ஏனுங்கய்யா, அது நானில்லைன்னு மேடையில ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. கேடயத்தை வாங்கிட்டுப் போங்க. அவ்வளவுதானுங்க"ன்னாக. இவரு, "கொய்யா சாப்பிடுங்க"ன்னாரு. அவுக மறுக்கா சொன்னாக. இவரு, "இந்த வருசம் காய் சிறுசுதானுங்க, ஆனா இனிப்பு"ன்னாரு. மெஷினு காதுல இல்ல, பையில கெடந்துச்சு. நான் பாத்தேன், அவுக பாக்கல.

கூட்டத்துக்கு நீயும் வா. ஓரமா நின்னுக்க.

உன் தங்கை,
அமலி


எண் 6
திண்டுக்கல்
செப்டம்பர் 16

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நேற்றைய பொதுக்கூட்டம் முடிந்து வீடு வந்து, இப்போதுதான் முழங்காலுக்குத் தைலம் தடவி உட்கார்ந்தேன். நீங்கள் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்கள் என்று நம்புகிறேன். கூட்டம் கலைந்த நெரிசலில் உங்களை நெருங்க முடியவில்லை. மேடையில் இருந்த உங்களுக்குக் கீழே நடந்தது தெரிந்திருக்காது, கேட்டும் இருக்காது. ஆகவே வரிசையாக எழுதுகிறேன்.

நான் மணிக்கூண்டுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில், ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தேன். பேச்சாயியும் மில் பெண்கள் முப்பது பேரும் பின்வரிசையில் நின்றார்கள். முறை முடிந்து நேராக வந்ததால் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

உங்களைப் பேச அழைத்ததும் நீங்கள் சட்டைப் பையிலிருந்து அறிக்கையை எடுத்து விரித்தீர்கள். மேடையிலிருந்தவர்கள் முகத்தில் நிம்மதி. மறுக்கப்போகிறார் என்று நினைத்தார்கள். "இந்தத் தாள்ல இருக்கற வீ.ம. யாருன்னு கேக்கறாங்க. அம்பது வருசமா உங்க ஊர்ச் செவுத்துல இருக்கறவன்தானுங்க" என்றீர்கள். எனக்கு எதிரே நின்ற ஒருவர் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"பகையாளி குத்தினா அது கத்தி. வீட்டுக்காரன் குத்தினா அது ஊசி. ஊசி எதுக்கு? மருந்து ஏத்தறதுக்கு! இந்தக் கட்சி என் தாய் வீடு. தாய் வீட்டுல சோறு வெக்க மறந்துட்டாங்கன்னா, பொறந்த பிள்ளை கேக்காம பக்கத்து வீட்டுக்காரனா கேப்பான்?" என்று நீங்கள் சொன்னபோது முன்வரிசையில் இருந்த உங்கள் கட்சிக்காரர்களே கை தட்டினார்கள். பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அடுத்து அந்த டாக்டர் வரி. பின்னாலிருந்து பேச்சாயி, "அப்படிப் போடுங்கய்யா!" என்று கூவினாள். முப்பது பேரும் மூன்று விரலை உயர்த்திக் காட்டினார்கள். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பிறகு, "நான்தான் சொன்னனுங்க. மூணு மாசம்னு இந்த வாயாலதான் சொன்னேன். மூணு வருசம் ஆச்சு. என்னை மன்னிச்சுப்போடுங்க" என்றீர்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

இதற்கிடையில் உங்களுக்குப் பின்னால் மூன்று முறை மணி அடித்தார்கள். இரண்டு துண்டுச் சீட்டு வைத்தார்கள். ஒருவர் உங்கள் வேட்டியைக்கூடத் தொட்டு இழுத்தார். ஒன்றும் கேட்காதவராகப் பேசிக்கொண்டே இருந்தீர்கள். கேட்கவில்லையா, மெஷின் பையில் இருந்ததா என்று நான் விசாரிக்கப் போவதில்லை.

கடைசியாகப் பேசிய மாவட்டப் பொறுப்பாளர், குழுவின் அறிக்கை "விரைவில்" வரும் என்று அறிவித்தார். கேடயம் வாங்க மற்ற எல்லாப் பெயரையும் வாசித்தார்கள். உங்கள் பெயரை வாசிக்கவில்லை. அமலராணி இரண்டாம் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் அது குறைப் பதிவாகிவிடும். "சூ.ரா. யாருங்க, அவரும் வந்திருக்காரா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் மேடையோரம் வந்து உங்கள் காதருகே கத்தியபோது, நீங்கள் சிரித்துக்கொண்டே, "அதை அவர்தானுங்க சொல்லணும்" என்றீர்கள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். செருப்பில் ஒரு கோளாறும் இல்லை.

அன்பு மச்சான்,
த. சூசைராஜ்


ஆயக்குடி
செப்டம்பர் 27

பேரன்பு கொண்ட மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். மிக நலம். இவ்வளவு நலமாக இருந்து பல வருடம் ஆகிறது.

கை தட்டினார்கள் என்பதை உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். மேடையிலிருந்து கைகள் அசைவது மட்டும் தெரிந்தது. கொசு அடிக்கிறார்களோ என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தை அமலராணி இரண்டு முறை உரக்கப் படித்தாள், மெஷினை வைத்துக்கொண்டே கேட்டேன்.

கேடயம் வந்துவிட்டது! செய்த கடைக்காரரே ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். "பேரு வெட்டிப்போட்டதுங்க. வேற யாருக்கும் குடுக்க முடியாது, கட்சி ஆபீஸ்லயும் வேண்டாம்னுட்டாங்க. எடத்தை அடைக்குதுங்க" என்றார். ஒரு தட்டுக் கொய்யா கொடுத்து அனுப்பினோம். அமலராணி அதை அலமாரியில் வைத்துப் பார்த்தாள். ஊறுகாய் ஜாடிகளே அங்கே அழகாக இருந்தன என்று அரிசிப் பானைக்கு மூடியாகப் போட்டுவிட்டாள். அளவு கச்சிதம்.

கட்சியிலிருந்து நீக்குவார்களா என்று கேட்கிறார்கள். நீக்கினாலும் நான் அந்தக் கட்சிதான். வீட்டை விட்டு அனுப்பினால் வாசலில் நின்று கேட்பேன். எனக்கென்ன, மணி அடித்தாலும் காதில் விழாது.

செருப்பு வாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தூணுக்குப் பின்னால் உங்கள் வழுக்கை நன்றாகத் தெரிந்தது. விடுங்கள் மச்சான். மில்லில் ஏதாவது அசைவு உண்டா?

மாறா அன்பில்,
வீ.ம.


எண் 7
திண்டுக்கல்
அக்டோபர் 8

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

சுகம். முழங்கால் மாடிவரை வந்துவிட்டது.

மில் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். ஐம்பத்தெட்டுப் பயிலுநர்களில் இருபத்திரண்டு பேர் நிரந்தரம். பேச்சாயி ஒன்பதாவது பெயர். நேற்று ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொண்டுவந்தாள். "சார், அந்தக் கொய்யாப் பழம் யாரு குடுத்ததுன்னு எனக்குத் தெரியும். பஸ் கண்டக்டர் எங்க ஊரு" என்றாள். ஆக, இந்த விஷயத்தில் உங்கள் ரகசியம் எதுவுமே தங்கவில்லை. மீதி முப்பத்தாறு பேர் இன்னும் இழை ஒட்டப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். குழுவின் அறிக்கை இன்னும் "விரைவில்" வந்துகொண்டிருக்கிறது. சுருளிவேல் அடுத்த அறிக்கை வேண்டும் என்கிறார். "சுட்டிக்காட்டுகிறோம்" என்ற சொல்லை அவரே இப்போது சொல்வதில்லை.

அதற்காகப் பழைய கோப்பை எடுத்து அடுக்கினேன். ஜூலையில் நீங்கள் திருப்பி அனுப்பிய அச்சுப்படி கையில் அகப்பட்டது. "தவறு ஒன்றும் இல்லை" என்று நீங்கள் எழுதியதும் அதை விரித்துப் பார்க்காமலே கோப்பில் போட்டிருக்கிறேன். நேற்றுத்தான் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் உங்கள் சிவப்பு டிக், ஒவ்வொன்று. முதல் பத்தியில் ஓரிடத்தில் இரண்டு. கடைசியில், நான் இரண்டு மாதமாகத் தூங்காமல் வருந்திய, ஆயிரத்து நூற்று நாற்பது தாளில் மை வைத்து அழித்த அந்தச் சின்ன வரி. அதன் ஓரத்திலும் டிக் இருக்கிறது.

இரண்டு டிக்.

இதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். எழுதமாட்டீர்கள் என்றும் தெரியும். அமலராணியிடம் அரிசிப் பானையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த அறிக்கையின் வரைவை இணைத்திருக்கிறேன். அட்டவணை கிடையாது. "கண்டிக்கிறோம்" ஒரே ஒரு இடத்தில்தான். அடியில் எப்போதும் போல அந்த வரியை எழுதினேன், இந்த முறை தெரிந்தே. உள்ளபடியே அச்சாகட்டும்.

தயாரித்தது: த. சூசைராஜ், முன்னாள் டைம் ஆபீஸ் எழுத்தர், நாகல்நகர், திண்டுக்கல்.

சரிபார்த்தது: